டீக்கனுக்குத் தீனி

ஆர்வின் டாலெஃப்சன் மேசையில் என் ஆட்கள் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். ஒருவர்கூட வாள் பட்டுச் சாகவில்லை. ஒருவன் கெட்டுப்போன பன்றிக்கறியைத் தின்று வயிற்றால் போய்ச் செத்தான். ஒருத்தி நனைந்த காலுறையோடு பனியில் படுத்து விறைத்துப்போனாள். ஒரு குளிர்காலம் முழுக்க நான் பார்த்துப் பார்த்து வளர்த்த பிரபு ஆல்ட்ரிக், டிராகன் குகைக்குப் போகிற வழியில் நாக்கு வறண்டு செத்தான். கிணற்றடியில் நின்றபோது தோல்பையில் தண்ணீர் பிடித்ததாக நான் வாய்விட்டுச் சொல்லவில்லையாம்.

"கிணத்துப் பக்கத்துல நின்னா எந்த மடையனும் தண்ணி பிடிப்பான், ஆர்வின்."

"சொன்னியா?"

"அதை வேற சொல்லணுமா?"

"சொல்லாதது நடக்கலை, மார்லிஸ்."

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார். அந்த வெண்ணெய்க் கத்தியாலேயே அவரைக் குத்தலாம் போலிருந்தது எனக்கு.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, இல்லாத ஒரு நாட்டில் இல்லாத ஆட்களாகப் பயணம் போவோம். ஆளுக்கு ஒரு வீரன் அல்லது வீராங்கனை. ஒருவர் மட்டும் தன் குறிப்புகளை ஒரு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் மறைத்துவைத்துக்கொண்டு ஆட்டத்தை நடத்துவார். மலை, காடு, பூதம், மழை எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வோம், பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். பக்கத்து ஊர்களில் பையன்கள் இதை ஆடும்போது பூதத்தை வெட்டிப் புதையல் எடுப்பார்கள். எங்கள் ஊரான ஹோல்ம் லேக்கில் ஆர்வின் நடத்தியதால் நாங்கள் ரொட்டியை எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஆர்வின் ஊர்க் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடைக் கல்லாவில் நின்றவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். பனி தள்ள மண்வெட்டி வாங்க வந்தால் சும்மா விற்று அனுப்பமாட்டார். "காருக்குப் பின்னாடி காபி டின் வச்சிருக்கியா?" என்று கேட்பார். பழைய காபி டின்னில் ஒரு மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ரெண்டு சாக்லேட். வண்டி பனியில் சிக்கினால் விடியும்வரை உயிரோடு இருக்க அது போதும். எங்கள் ஊரில் கல்யாணம் எதுவானாலும் ஆர்வின் கொடுக்கிற பரிசு அந்த டின்தான். ரிப்பன் கட்டிக் கொடுப்பார்.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். இளவயதில் மான் வேட்டைக்குப் போய்ப் பனிப்புயலில் வழி தவறியிருக்கிறார். தோளில் புத்தம் புதுத் துப்பாக்கி, பையில் தின்ன ஒன்றுமில்லை. ரெண்டு ராத்திரி பைன் மரப்பட்டையைச் சுரண்டித் தின்றுவிட்டுத் தட்டுத்தடுமாறி வெளியே வந்தால், அது அவர் வீட்டுக் கொல்லை. "துப்பாக்கியால ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு சாண்ட்விச் இருந்திருந்தா நேரா நடந்திருப்பேன்" என்பார். அதற்கப்புறம் எந்த ஆயுதத்தின் மீதும் அவருக்கு மரியாதை வரவில்லை.

சனிக்கிழமை மதியம் அவர் வீட்டில் கூடுவோம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற நான், பால் லாரி ஓட்டுகிற ரோலண்ட், தபால் அலுவலகத்து பெர்னிஸ். ஆட்டத்தில் ரோலண்டின் ஆள் ஒரு குள்ள வீரன்; அவன் கோடாலியைக்கூட சத்திரத்தில் விட்டுவிட்டு முதுகில் முழுப் பன்றித்தொடையைச் சுமந்து வருவான். சுமை அதிகமானால் நடை குறையும் என்று ஆர்வின் விதி வைத்திருந்தார்.

"கோடாலி இல்லாம பூதம் வந்தா என்னடா பண்ணுவ?" என்று பெர்னிஸ் கேட்பாள்.

"தொடையாலயே அடிப்பேன். அப்புறம் தொடையைத் தின்பேன்."

"எனக்கு ஒரு துண்டு குடு, ரோலண்ட். என் ஆளு மயக்கம் போட்டுடுவா."

"போடட்டும். பூதம் ஒண்ணும் பண்ணாது, எலும்பைப் பாத்துட்டுப் போயிரும்."

எட்டு வருஷ ஆட்டத்தில் ரோலண்டின் எந்தக் குள்ளனும் யாருக்கும் ஒரு விள்ளல் கொடுத்ததில்லை. ரோலண்டும் அப்படித்தான்.

இவ்வளவுக்கும் நடுவில் ஹில்டா. ஆர்வின் மனைவி. அவள் மேசையில் உட்கார்ந்து ஆடியதே கிடையாது. சமையலறைக் கதவோரம் ஒரு நாற்காலி போட்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள். ஆட்டம் தொடங்கிய புதிதில் நாங்கள் மூட்டை சுமக்க ஒரு கோவேறு கழுதை வாங்கினோம். அதை ஆற்றுக்குள் இறக்கப் பார்த்தபோது, கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

"அது இறங்காது."

"ஏன் ஹில்டா?" என்றார் ஆர்வின்.

"தண்ணி சில்லுனு இருக்கு. நானா இருந்தா இறங்கமாட்டேன். அதுவும் இறங்காது."

அன்றிலிருந்து கழுதை ஹில்டாவுடையது. மிருகம் யாருடையதோ அவர்தான் அது என்ன செய்யும் என்று சொல்லவேண்டும் என்று ஆர்வின் விதியே வைத்துவிட்டார். டீக்கன் என்று பேரும் வைத்தாள். எங்கள் சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டால், கூரையே விழுந்தாலும் எழுந்திருக்காத ஒரு டீக்கன், அதாவது சபை உதவிக்காரர், இருந்தார், அவர் நினைவாக. எங்கள் வீரர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள், புது ஆட்கள் வந்தார்கள். டீக்கன் மட்டும் முதல் நாளிலிருந்து அப்படியே இருந்தது. ஆபத்து எதற்குள்ளும் அது நுழையாததுதான் காரணம். ரொட்டி வாசனை எங்கிருந்தாலும் மோப்பம் பிடித்துவிடும் என்று ஹில்டா சாதிப்பாள்.

இன்னொரு விதியும் அவள் போட்டதுதான். ஒரு நாள் நாங்கள் ஆட்டத்துச் சண்டையில் மூழ்கி, தட்டில் வைத்ததை ஆறவிட்டோம். ஹில்டா கரண்டியோடு வந்து நின்றாள்.

"இனிமே இந்த வீட்ல யாரு வாய் அசையலையோ, அவங்க ஆளோட வாயும் அசையாது. நீங்க தின்னாதான் அவன் தின்ன மாதிரி. புரியுதா?"

ஆர்வின் அதை அன்றைக்கே சட்டமாக்கினார். ஹில்டா கரண்டியோடு நிற்கும்போது அவர் எதைத்தான் சட்டமாக்காமல் இருந்தார். அதன்பின் கதையில் உணவு நேரம் வந்தால் மேசையிலும் உணவு நேரம். டீக்கனுக்குத் தீனி என்றால் ஹில்டா கதவோரத்தில் ஒரு கேரட்டைக் கடிப்பாள்.

எங்கள் மேசையில் நாள்கணக்கும் கறார். வெளியில் ஒரு நாள் போனால் ஆட்டத்திலும் ஒரு நாள் போகும். ஒரு வாரம் கழித்துக் கூடினால் எங்கள் ஆட்களுக்கும் ஒரு வாரம் ஓடியிருக்கும், ஒரு வாரச் சாப்பாடும் தீர்ந்திருக்கும். அதனால் சனிக்கிழமை முடியும்போது எப்படியாவது ஒரு சத்திரத்தில் போய்ப் படுத்துவிடுவோம்.

போன நவம்பரில், மான் வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை, ஒரு பழைய சுரங்கத்துக்குள் நுழைந்தோம். "அது வராது. இருட்டு அதுக்குப் பிடிக்காது" என்றாள் ஹில்டா. சரி என்று டீக்கனை வாசலில் விட்டுவிட்டுப் போனோம். உள்ளே வழி தவறி, மலைக்கு அந்தப் பக்கம் வெளியே வந்து, அங்கிருந்த சத்திரத்தில் விழுந்தோம். நாங்கள் கோட்டு மாட்டிக் கிளம்பும்போது ஹில்டா எங்களைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், டீக்கனுக்கு யாருடா தீனி வைக்கிறது?"

"அடுத்த வாரம் போய்க் கூட்டிட்டு வந்துடலாம் ஹில்டா. ஒரு வாரத்துல செத்துடாது" என்றான் ரோலண்ட்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்த ஹில்டா அப்படியே சரிந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் ஹாட்டிஷ் செய்துகொண்டு போவோம். கொத்துக்கறி, காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே தட்டத்தில் கொட்டி ஓவனில் வைத்து எடுப்பது. தட்டத்தின் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருப்போம். தின்று முடித்துக் கழுவித் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஆர்வினிடமிருந்து ஒரு தட்டம்கூடத் திரும்பி வரவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. பெண்கள் சர்ச்சில் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பிப்ரவரியில் ஹார்டுவேர் கடைக்குப் போன நான் அவரைப் பார்த்துப் பயந்துபோனேன். கன்னம் ஒட்டி, சட்டை கொடியில் காய்வதுபோலத் தொங்கியது. பெல்ட்டில் ஆணியால் புதுசு புதுசாக ஓட்டை போட்டிருந்தார்.

கடை முதலாளியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். டாக்டர் எச்சரித்துவிட்டாராம். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துக் குழாய் வழியாகத்தான் ஊற்றவேண்டும், அதுவும் எத்தனை நாள் தாங்குமோ என்றாராம்.

அன்று சாயங்காலமே என் ஹாட்டிஷ் தட்டத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். ஃப்ரீசரைத் திறந்தால் ஊர்ப் பெண்கள் எல்லோரும் பேரோடு உள்ளே உறைந்து கிடந்தார்கள். ஒன்றுகூடத் தொடப்படவில்லை.

"ஊருக்கெல்லாம் சாக்லேட் டின் குடுத்துட்டு, நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"பசிக்கலை, மார்லிஸ்."

"பசிக்காட்டியும் தின்னணும்னு எங்களுக்குச் சட்டம் போட்டது யாரு?"

அவர் ஃப்ரீசர் கதவைச் சாத்தினார். நான் பேச்சை மாற்றினேன். "சனிக்கிழமை ஆட்டம் வைங்க. எங்க ஆளுங்க இன்னும் சத்திரத்துலயே உக்காந்திருக்காங்க. ரோலண்டு குள்ளன் சத்திரத்தையே தின்னு முடிச்சிருப்பான்."

"முடியாது."

"ஏன்?"

ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "ஆட்டத்தைத் திறந்தா முதல்ல அதைச் சொல்லணும். நவம்பர்ல இருந்து அங்க கட்டிக் கிடக்கு. பனி. தீனி இல்லை. கேட்டுட்டுத்தான் போனா அவ, யார் தீனி வைக்கிறதுன்னு. அது செத்துப்போச்சு மார்லிஸ். நான் வாயைத் திறந்து சொல்லணும். எனக்கு முடியலை."

எங்கேயும் இல்லாத ஒரு கழுதை அது, எனக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டில் ஹில்டாவின் குரலில் பேசிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

"செத்துப்போகலைன்னு சொல்லிட்டுப் போங்களேன். உங்க ஆட்டம், உங்க வாய்" என்றேன்.

என்னை அவர் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது. "உன் ஆல்ட்ரிக்கைக் கொன்னேன். பெர்னிஸோட ஆளுங்களைக் கொன்னேன். என் வீட்டுக் கழுதைக்கு மட்டும் வேற சட்டமா?"

மறுநாள் காலை, பள்ளிப் பேருந்துகளுக்கு உள்ள சட்டப்படி ரயில் தண்டவாளத்துக்கு முன்னால் பேருந்தை நிறுத்திக் கதவைத் திறந்து, ரயில் சத்தம் கேட்கிறதா என்று காதுகொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்னால் பிள்ளைகள், "மார்லிஸ், ரயில் போய் எவ்வளவு நேரமாச்சு, கிளம்புங்க" என்று கத்துகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆர்வினுக்குப் போன் போட்டேன். "கழுதை செத்திருந்தா செத்துதுன்னு முறைப்படி எங்ககிட்ட சொல்லுங்க. நாங்க எட்டு வருஷம் அதோட நடந்திருக்கோம். அடக்கம் பண்ணக்கூட விடமாட்டீங்களா?" முறை என்ற சொல்லுக்கு அவர் மசிவார் என்று தெரியும். மசிந்தார்.

சனிக்கிழமை வந்தோம். ரோலண்டுக்கும் பெர்னிஸுக்கும் விஷயத்தை மட்டும் சொல்லியிருந்தேன், என் யோசனையைச் சொல்லவில்லை. என் ஹாட்டிஷை ஓவனில் வைத்தேன். ஆர்வின் அட்டைத் தடுப்பை நிமிர்த்தி வைத்தார். கதவோர நாற்காலி காலியாக இருந்தது, யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"சுரங்க வாசல்ல..." என்று தொடங்கினார்.

"ஒரு நிமிஷம்" என்றேன். "சுரங்க வாசல்ல டீக்கனை யார் கட்டினது?"

அவர் நிறுத்தினார். ரோலண்ட் பெர்னிஸைப் பார்த்தான். "பெர்னிஸ்தான். எப்பவும் அவதானே கட்டுவா."

"நான் விளக்கைப் பிடிச்சுட்டு முன்னாடி போயிட்டேன்" என்றாள் பெர்னிஸ். "நீதான் கடைசியா வந்த."

"எனக்கு எங்கடி கை இருந்துது? தொடையைத் தூக்கிட்டு வந்தேன். மார்லிஸ் கட்டியிருப்பான்னு நெனச்சேன்."

"நான் கட்டலை" என்றேன். "யாராவது கட்டுறேன்னு வாயைத் திறந்து சொன்னீங்களா?"

யாரும் சொல்லவில்லை. எட்டு வருஷமாகத் தண்ணீருக்கும் காலுறைக்கும் பாடம் படித்தும், நாங்கள் மூன்று பேரும் வழக்கம்போல மற்றவள் செய்வாள், மற்றவன் செய்வான் என்று போயிருக்கிறோம்.

"வழக்கமா கட்டிட்டுத்தான் போவீங்க" என்றார் ஆர்வின், மெதுவாக.

"வழக்கமாவா?" எனக்கு வந்த கோபம் நிஜக் கோபம், பழைய கோபம். "என் ஆல்ட்ரிக்கும் வழக்கமா தண்ணி பிடிச்சுட்டுத்தான் போவான். ஒத்துக்கிட்டீங்களா நீங்க? ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கிட்டே என்ன சொன்னீங்க எங்கிட்ட? சொல்லுங்க ஆர்வின். அதை உங்க வாயால சொல்லுங்க."

"சொல்லாதது நடக்கலை" என்றார்.

"அப்ப டீக்கன் கட்டிக் கிடக்கலை."

"கட்டிக் கிடக்கலை" என்றார். திரும்ப ஒரு தரம் சொன்னார். பிறகு முகத்தை ரெண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பெர்னிஸ் எழுந்து போய் அவர் முதுகில் கை வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தார். "சரி. அப்படின்னா அது எங்க போச்சு?"

"அதை ஆட்டம் நடத்துறவர் சொல்லக்கூடாது" என்றான் ரோலண்ட். அவனுக்கும் இப்போது பிடிபட்டுவிட்டது. "ஒருத்தரோட மிருகம் என்ன பண்ணும்னு அந்த ஆளுதான் சொல்லணும். உங்க சட்டம்."

"அது ஹில்டாவோடது."

"வீட்டுக்காரியோடது வீட்டுக்காரருக்குத்தான் வரும்" என்றாள் பெர்னிஸ். "தபால் ஆபீஸ்லயே அப்படித்தான்."

நான் போய் அட்டைத் தடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். "எழுந்திரிங்க. இன்னைக்கு நான் நடத்துறேன். நீங்க டீக்கன்."

தயங்கித் தயங்கி எழுந்தார். எங்கள் பக்கத்தில் உட்காருவார் என்று நினைத்தேன். நேராகக் கதவோர நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.

"சரி டீக்கன்," என்றேன், குரலைக் கறாராக வைத்துக்கொண்டு. "நீ சுரங்க வாசல்ல நிக்கிற. யாரும் உன்னைக் கட்டலை. பனி விழுது. என்ன பண்ற?"

கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "ரொட்டி வாசனை வருது" என்றார். "மலைக்கு அந்தப் பக்கம், சத்திரத்துல இருந்து. நான் போறேன். மலையைச் சுத்திட்டு. சத்திரத்துச் சமையல்கட்டு பின்வாசல்ல போய் நிக்கிறேன்."

"அடப்பாவி," என்றான் ரோலண்ட். "நாங்க முன்னாடி உக்காந்து தின்னுக்கிட்டிருக்கோம், இது பின்னாடியே நிக்குதா."

"நிக்குது," என்றேன். "எலும்பும் தோலுமா நிக்குது. இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும். சமையல்காரி கதவைத் திறந்து பாக்குறா. அவளுக்குப் பாவமா இருக்கு. ஒரு தட்டு எடுத்துட்டு வந்து வைக்கிறா." ஓவனைத் திறந்து, ஹாட்டிஷை நாலு தட்டில் போட்டு, ஒன்றை அவர் மடியில் வைத்தேன். "டீக்கன் சாப்பிடுதா?"

விதி என்ன என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஹில்டா போட்ட விதி, அவள் நாற்காலியில் அவர்.

ஆர்வின் தட்டைப் பார்த்தார். முள்கரண்டியை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். "இது மார்லிஸ் செஞ்சதா?"

"ஆமா."

"உப்பு அள்ளிக் கொட்டியிருப்பா. கழுதைக்கு உப்பு பிடிக்கும், அது வரைக்கும் சரி." ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். விழுங்கக் கஷ்டப்பட்டது தெரிந்தது. கண்ணிலிருந்து நீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கவில்லை. இன்னொரு வாய் எடுத்தார். நாங்கள் எங்கள் தட்டைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். மெதுவாக, ஓரமாகத் தொடங்கி உள்நோக்கி, தட்டை முழுக்க வழித்துத் தின்றார்.

எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அதனால் அவசரமாக ஆட்டத்தை நகர்த்தினேன். "சரி. விடிஞ்சிருச்சு. மூட்டையை ஏத்துங்க. டீக்கனைக் கூட்டிக்கிட்டு வடக்க கிளம்புறீங்க."

"அது நகராது" என்றது கதவோரத்துக் குரல்.

நாங்கள் மூவரும் திரும்பினோம். ஆர்வின் காலித் தட்டை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் நகராது?" என்று கேட்டேன்.

"இன்னும் பசிக்குது அதுக்கு."

ஓவனில் இருந்த தட்டம் காலி. நான் ஃப்ரீசர் பக்கம் எழுந்தேன். அதற்குள் ரோலண்ட் தன் தட்டோடு எழுந்து போய், அதிலிருந்து பாதியை வழித்து ஆர்வின் தட்டில் போட்டான்.